சீமைக்குப் போன சட்டாம்பிள்ளை

போன வாரம் எதிர்வீட்டுப் பையன் இங்கிலீஷ் பயிற்சிப் புத்தகத்தோடு எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். மூன்றாம் வகுப்பு. "தாத்தா, நான் மொட்டு. என் பிரெண்டு மலர்" என்றான், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் பிள்ளைகளை அவரவர் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். ஒரே வகுப்பில் எழுத்துத் தெரியாதவனும் இருப்பான், வாக்கியம் வாசிப்பவனும் இருப்பான். ஒரே பாடத்தை எல்லோருக்கும் எப்படிச் சொல்வது? இது பழைய கேள்வி.

நம் திண்ணைப் பள்ளிகளில் இதற்கு வழி இருந்தது. புதிதாகச் சேர்ந்தவன் மணலில் விரலால் எழுதுவான். தேறியவன் சட்டாம்பிள்ளை, அவன் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். வாத்தியார் ஒருவரே எல்லோரையும் மேய்ப்பார்.

1789-ல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், எழும்பூரில் சிப்பாய்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். சென்னைக்குப் பக்கத்தில் ஓர் உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, தம் பள்ளியிலும் அப்படி நடத்தச் சொன்னார். ஆசிரியர்கள் நடக்காது என்றார்கள். உடனே ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் வகுப்பை ஒப்படைத்தார். நடந்தது! 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். மணல் உள்ளூரில் பார்த்தது என்று ஒப்புக்கொண்டவர், பிள்ளைக்குப் பிள்ளை பாடம் சொல்வது தம் கண்டுபிடிப்பு என்றார். நம் சட்டாம்பிள்ளையைக் கேட்டால் வேறு சொல்லியிருப்பார்.

அங்கே அதற்கு 'மெட்ராஸ் சிஸ்டம்' என்று பெயர். பெல் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1833-ல் திறந்த பள்ளி 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரிலேயே இன்றும் நடக்கிறது. பிரான்சிலும் 1815-க்குப் பிறகு இந்த முறை பரவியது.

2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது, நண்பன் உதவியோடு படிக்கும் குழுவும் அதில் ஒன்று. சட்டாம்பிள்ளை ஊர் திரும்பிவிட்டார் என்றே நினைத்தேன்.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. சட்டாம்பிள்ளையிடம் இருக்கும் தப்பும் சேர்ந்தே பரவும். கணக்கில் விடை காட்டிக்கொடுத்துவிடும். இங்கிலீஷ் உச்சரிப்பில் யார் காட்டிக்கொடுப்பது? அதனால் வாத்தியாரின் காது வகுப்பில் இருந்தே ஆக வேண்டும்.

சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் 'டேபிள்' என்பதைத் 'தாப்ல்' என்று வாசித்தேன். ஆபீஸே சிரித்தது. பக்கத்து நாற்காலி டைப்பிஸ்ட் மட்டும் சிரிக்கவில்லை. என்னைவிடச் சின்னவர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் கால் மணி நேரம், ஒவ்வொரு கடிதமாக வாசிக்க வைத்துத் திருத்துவார். அவரிடம் பாடம் கேட்க முதலில் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை விழுங்கியதால்தான் முப்பது வருஷத்துக்கு மேல் பைல் எழுதிப் பிழைத்தேன்.

இதைப் பையனிடம் சொன்னேன். மறுநாள் சிநேகிதனையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஆளுக்கு இரண்டு முறுக்கு கொடுத்தோம். மலர் வாசித்தான், மொட்டு திருப்பிச் சொன்னான். நான் வாயைத் திறக்கவில்லை. 'டேபிள்' வந்தபோது மட்டும் காதைத் தீட்டிக்கொண்டேன். சரியாகத்தான் சொன்னான்.