செத்தவீட்டுக்குச் சொல்லுறது

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் சாவு நடந்தால், முந்தி ஆள் அனுப்பித்தான் சொந்தபந்தத்துக்குச் சொல்லுவார்கள். "எங்களுக்குச் சொல்லேல்லை" என்ற கோபம் வருஷக்கணக்கில் நீண்ட குடும்பங்களும் உண்டு.

பிறகு இந்த வேலையைப் பத்திரிகையும் வானொலியும் எடுத்துக்கொண்டன. 1930இல் வீரகேசரி வந்தது, 1985இல் உதயன் வந்தது. இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் போகும்போது வீட்டில் சத்தம் போட ஏலாது. அறிவித்தல்களின் கடைசி வரி எல்லாருக்கும் பாடம்: "உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்." நேரில் வந்து சொல்ல முடியவில்லை, இதையே சொன்னதாக எடுங்கோ என்று கேட்கிற மரியாதை அது. சொல்லுற முறை மாறினாலும், கேட்டவர் போகவேண்டும் என்பது மாறவில்லை.

பேஸ்புக்கில் 2009இல் லைக் பொத்தான் வந்தது. சாவுச் செய்திக்கும் அதைத்தான் அழுத்தினோம். அழுகிற முகம் 2016இல்தான் வந்தது. 2020இல் கொரோனாவால் செத்தவீட்டுக்குப் போவதே தடைப்பட, நேரலையில் பார்த்தோம். கனடாவில் இருக்கிற பிள்ளைக்கு அது இன்றைக்கும் ஆறுதல்தான். ஆனால் அடுத்த ஒழுங்கையில் இருக்கிற நாங்களும் வாட்ஸ்அப்பில் 'ஆழ்ந்த இரங்கல்' போட்டதோடு கடமை முடிந்தது என்று இருக்கிறோம். முந்தி அறிவித்தலைக் கேட்டு வெளிக்கிட்டார்கள். இப்ப அறிவித்தலுக்கே பதில் போட்டு முடித்துவிடுகிறோம்.

செத்தவீட்டில் "போயிட்டு வாறன்" என்று சொல்லாமல் எழும்பி வருவதுதான் எங்கட வழக்கம். அப்படிச் சொல்லாமல் வருவதற்கும் முதலில் அங்கே போயிருக்க வேண்டும்.