சமபலம் என்னும் கணக்கு: இணைய விளையாட்டுகளில் இணைசேர்ப்பின் வரலாறு

சமபலம் கொண்டோரை எதிரெதிரே நிறுத்தினால் ஆட்டம் நியாயமானது என்று இன்றைய இணைய விளையாட்டுகள் கருதுகின்றன. அந்தப் பலத்தை எண்ணாக்கும் வழி சதுரங்கத்திலிருந்து வந்தது. மில்வாக்கி நகரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த அர்பாட் எலோ வகுத்த மதிப்பீட்டு முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும், ஃபிடே 1970இலும் ஏற்றுக்கொண்டன. இருவருக்கிடையே 200 புள்ளி வேறுபாடு இருந்தால், மேலுள்ளவர் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளிகள் பெறுவார் என்பது அதன் கணிப்பு. எலோவுக்கே அதில் மிகை நம்பிக்கை இல்லை. நீரில் மிதந்தாடும் தக்கையின் இருப்பிடத்தை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பதற்கு அதை ஒப்பிட்டார். ஆயினும் அந்த எண் அச்சிட்ட பட்டியலில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கணக்கறிந்த எவரும் சரிபார்க்கலாம். யார் யாரோடு ஆடுவது என்பதைத் தீர்மானித்த போட்டி விதிகளும் பொதுவில் இருந்தன.

2000களின் நடுப்பகுதியில் மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவைக்காக ட்ரூஸ்கில் முறையை உருவாக்கியபோது எண்ணின் பணி மாறியது. காத்திருப்போரில் யாரை யாரோடு சேர்ப்பது என்பதைச் சர்வரே முடிவுசெய்தது. வெற்றி தோல்வியின்றி முடியும் வாய்ப்பு எந்த இணைக்கு மிகுதியோ அதுவே தரமான இணை என்பது அதன் வரையறை. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் இன்னோர் அடி எடுத்துவைத்தது. 2009இல் இலவசமாக வெளிவந்து, தொடக்கத்தில் எலோ எண்ணை வெளிப்படையாகக் காட்டிய அவ்விளையாட்டு, 2013இல் வெண்கலம், வெள்ளி, தங்கம் முதலிய பிரிவுகளை முன்வைத்து, இணைசேர்க்கப் பயன்படும் எண்ணை மறைத்துக்கொண்டது.

மேட்ச்மேக்கிங் என்னும் ஆங்கிலச் சொல் வரன் தேடுதலையும் குறிக்கும். தமிழ் வழக்கில் பத்துப் பொருத்தம் பார்ப்பர். சர்வரோ பெரும்பாலும் ஒரே பொருத்தத்தோடு நிறைவடைந்தது (வலைத் தாமதத்தையும் சேர்த்தால் இரண்டு). விடுபட்டவை எவை என்பதை அறிய ரிச்சர்ட் பார்ட்டிலிடம் செல்ல வேண்டும். 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கிய மட் என்னும் எழுத்துவழி விளையாட்டை வளர்த்தெடுத்தவர் அவர். 1996இல் எழுதிய கட்டுரையில் ஆடுவோரைச் சாதிப்போர், உலவி அறிவோர், உறவாடுவோர், பிறரைத் தாக்குவோர் என நான்காகப் பகுத்தார். தாக்குவோர் மிகுந்தால் உறவாடுவோர் வெளியேறுவர் என்பது அவர் சுட்டிய சிக்கல்களுள் ஒன்று. வெற்றி தோல்வியை மட்டும் எண்ணும் முறைக்கு இது புலப்படாது. நண்பரோடு பேசிக்கொண்டே ஆடுபவரும் தரவரிசைக்காக நாள்தோறும் பயில்பவரும் ஒரே எண்ணைப் பெறலாம். அவர்களை மோதவிட்டால் கணக்குப்படி அது சமமான ஆட்டம். 2018இன் ட்ரூஸ்கில் 2, வீழ்த்திய எதிரிகளின் எண்ணிக்கை, பாதியில் விலகும் போக்கு ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது. திறனை நுட்பமாக அளக்கவே அன்றி, பாணியை மதிக்க அன்று.

விலை கொடுத்து வாங்கிய விளையாட்டிலிருந்து ஒருவர் விலகினாலும் பணம் முன்பே வந்துவிட்டது. இலவச விளையாட்டில் அப்படியில்லை. செலவிடாத பெருங்கூட்டமே செலவிடும் சிலருக்கு எதிராளிகளும் பார்வையாளரும் ஆவதால், அக்கூட்டம் தங்கியிருப்பதே முதல். 2017இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஆய்வாளர்களும் பல்கலைக்கழகத்தாரும் இணைந்து வெளியிட்ட ஆய்வு, சமபல இணை எப்போதும் ஆடுவோரைத் தக்கவைப்பதில்லை என்றும், அண்மைய வெற்றி தோல்வி வரிசையைக் கொண்டு விலகலைக் கணித்து இணைசேர்க்கலாம் என்றும் காட்டியது. அதே ஆண்டு ஆக்டிவிஷன், பொருள் வாங்கத் தூண்டும் வகையில் இணைசேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. எந்த விளையாட்டிலும் அதைப் பயன்படுத்தவில்லை என்றும் அறிவித்தது. எண் மறைந்திருக்கையில் ஆடுபவர் அதை எவ்வாறு உறுதிசெய்வார்?

இதனால் திறன்வழி இணைசேர்ப்பே சூழ்ச்சி என்று முடிவுகட்டுவது அவசரம். 2024இல் அதே நிறுவனம் கால் ஆஃப் டியூட்டியில் திறனுக்குத் தரும் முக்கியத்துவத்தைக் குறைத்துச் சோதித்தது. ஆடுவோரில் 90 விழுக்காட்டினர் திரும்பி வருவது குறைந்தது. மேலிருந்த பத்து விழுக்காட்டினருக்கே அது உவப்பாயிற்று. சமபல இணையை மிக உரக்கச் சாடிவந்தோரும் பெரும்பாலும் அந்த மேல்தட்டினரே. ஆனால் இந்த முடிவும் நிறுவனமே நடத்தி, நிறுவனமே அளந்து, சோதனை முடிந்தபின் நிறுவனமே வெளியிட்டது. அளவுகோலும் ‘திரும்பி வருதல்’தான்.