பிரசங்க பீடமும் செனட் இருக்கையும்: தென் கரோலினாவில் போதகர்–உறுப்பினர் மரபு, 1868–2015

சமயப் போதகர் சட்டமன்ற உறுப்பினராகலாமா என்ற கேள்வியை அமெரிக்கச் சட்ட வரலாறு பெரும்பாலும் அரசு–திருச்சபை பிரிவினையின் பகுதியாகவே பார்த்து வந்துள்ளது. தென் கரோலினாவின் கறுப்பினப் போதகர்கள் வழியே இதே கேள்வியை அணுகினால் வேறொரு காரணம் முன்னுக்கு வருகிறது. கூடிப் பேசவும், பணம் திரட்டவும், தலைவரைப் பழக்கி எடுக்கவும் ஒரு சமூகத்துக்குத் திருச்சபையைத் தவிர வேறு இடமே இல்லாதபோது, போதகரே அதன் பிரதிநிதியாகிறார். இக்கட்டுரை அம்மரபின் தோற்றம், முறிவு, மீட்சி ஆகியவற்றை ஆராய்கிறது.

தடையின் காலம்

இங்கிலாந்தின் பிடியிலிருந்து விடுபட்ட மாநிலங்களில் பல, தங்கள் முதல் அரசியலமைப்புகளிலேயே குருமார்களுக்குச் சட்டமன்றக் கதவைச் சாத்தின. நியூயார்க் 1777இலும் தென் கரோலினா 1778இலும் அவ்வாறு செய்தன. ஆன்மாக்களைப் பேணும் பெரும்பணியிலிருந்து குருமார் விலகிப் போகக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். அரசு ஆதரவு பெற்ற திருச்சபை மீண்டும் தலைதூக்கிவிடும் என்ற அச்சம் அதன் அடியில் இருந்தது. டென்னசி 1796இல் இதே வழியில் சென்றது. ஜெபர்சன் தொடக்கத்தில் தடையை ஆதரித்துப் பின்னர் கருத்தை மாற்றிக்கொண்டார்; மேடிசன் அதை எதிர்த்தார்.

அடிமைகளாக வாழ்ந்தவர்களுக்கு இந்த விவாதத்தில் இடமே இல்லை. சார்ல்ஸ்டன் நகரில் 1822இல் டென்மார்க் வெசியின் கிளர்ச்சித் திட்டம் வெளிப்பட்டபின், அவர் தொடர்பு கொண்டிருந்த கறுப்பினத் திருச்சபையின் கட்டடம் அழிக்கப்பட்டது. 1834இல் கறுப்பினத் திருச்சபைகளே தடை செய்யப்பட்டன. அடிமைமுறை முடியும்வரை அச்சபையார் மறைவாகவே கூடி வழிபட்டனர்.

1868: போதகர்கள் உள்ளே வருகிறார்கள்

உள்நாட்டுப் போர் முடிந்ததும், 1865இல், ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபை ரிச்சர்ட் ஹார்வி கெய்ன் என்ற போதகரைச் சார்ல்ஸ்டனுக்கு அனுப்பியது. 1822இல் கட்டடத்தை இழந்து சிதறிக் கிடந்த அதே சபையை, இம்மானுவேல் சபையாக, அவர் மீண்டும் கட்டியெழுப்பினார். ஒரு செய்தித்தாளையும் நடத்தினார். 1868ஆம் ஆண்டின் அரசியலமைப்பு மாநாட்டில் கறுப்பினப் பிரதிநிதிகளே பெரும்பான்மையினர். கெய்ன் அவர்களுள் ஒருவர். விடுதலை பெற்றோருக்கு நிலம் வாங்க மத்திய அரசு பத்து லட்சம் டாலர் கடன் தர வேண்டும் என்று அங்கு வாதாடினார். அதே ஆண்டு மாநில செனட்டுக்கும், பின்னர் இருமுறை தேசியப் பிரதிநிதிகள் சபைக்கும் தேர்வானார். 1880இல் பேராயரானார்.

அண்டை மாநிலமான ஜார்ஜியாவில் ஹென்றி மெக்நீல் டர்னரின் அனுபவம் இதற்கு உரைகல். அதே திருச்சபையின் போதகரான அவர் 1868இல் சட்டமன்றத்துக்குத் தேர்வாகி, அதே ஆண்டு செப்டம்பரில் ஏனைய கறுப்பின உறுப்பினர்களுடன் வெளியேற்றப்பட்டார். காரணம் அவருடைய தோலின் நிறம். அவர் அணிந்த போதக அங்கியை யாரும் பொருட்படுத்தவில்லை. அன்றைய அதிகாரத்தை உறுத்தியது எது என்பதில் இங்கே ஐயமில்லை.

முறிவும் மீட்சியும்

தென் கரோலினாவின் 1895ஆம் ஆண்டு அரசியலமைப்பு கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பெருமளவு பறித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970வரை சட்டமன்றத்தில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட இல்லை. திருச்சபையோ நிலைத்திருந்தது. செனட்டில் வெற்றிடம் இன்னும் நீண்டது; 1983இல் அதற்குள் நுழைந்து அதை முடித்தவரும் ஒரு மெதடிஸ்ட் போதகரே: குடிசார் உரிமைப் போராட்டத்தின் மூத்த தலைவர் ஐ. டிகுவின்சி நியூமன்.

இதற்கிடையே டென்னசியின் தடை உச்ச நீதிமன்றம் சென்றது. சட்டனூகாவின் பாப்டிஸ்ட் போதகர் பால் மெக்டேனியல், மாநில அரசியலமைப்பு மாநாட்டுக்குப் போட்டியிட்டபோது எதிர் வேட்பாளர் வழக்குத் தொடுத்திருந்தார். 1978இல் நீதிமன்றம் அத்தடையைச் செல்லாததாக்கியது.

கிளமென்டா பிங்க்னி

சட்டம் தடையை நீக்கினால் மட்டும் போதாது. பதவியில் தாக்குப்பிடிக்க வருமானமும் நேரமும் வேண்டும். தென் கரோலினாச் சட்டமன்றம் பகுதிநேர அவை. ஜனவரியில் தொடங்கிக் கோடையின் முகப்புவரை, செவ்வாய் முதல் வியாழன்வரை கூடும். ஆண்டு ஊதியம் 10,400 டாலர். வாரநாட்களைத் தம் விருப்பப்படி ஒதுக்கிக்கொள்ள முடிந்த வழக்கறிஞர்களுக்கும் தொழில் நடத்துவோருக்கும் இது ஒத்துவரும். ஞாயிற்றுக்கிழமையை மையமாகக் கொண்ட போதகருக்கும் அப்படியே.

பதின்மூன்று வயதில் பிரசங்கிக்கத் தொடங்கிப் பதினெட்டில் போதகரான பிங்க்னி, 1996இல், 23ஆம் வயதில் கீழவைக்கும் 2000இல் செனட்டுக்கும் தேர்வானார். ஜாஸ்பர் மாவட்டம் உள்ளிட்ட, வறுமை மிகுந்த தாழ்நிலக் கரையோரம் அவர் தொகுதி. கெய்னைப் போல் அவர் சார்ந்திருந்த ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபையில் போதகரை எங்கு அமர்த்துவது என்பதைப் பேராயர் முடிவு செய்வார். தொகுதியை வாக்காளர் தருவர். இவ்வாறு இரு எஜமானருக்குப் பதில் சொல்லிக்கொண்டே 2010இல் கெய்னின் இம்மானுவேல் சபைக்குப் பொறுப்பேற்றார்.

2015 ஏப்ரலில் வால்டர் ஸ்காட் என்ற நிராயுதபாணியைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். காவலர்கள் உடலில் கேமரா அணிய வேண்டும் என்ற சட்டத்துக்காகப் பிங்க்னி செனட்டில் பேசினார்; ஜூன் 10 அன்று ஆளுநர் அதில் கையெழுத்திட்டார். ஒரு வாரம் கழித்து, ஜூன் 17 இரவு, வேத வகுப்பில் அவரும் மற்ற எண்மரும் வெள்ளை இனவெறியன் ஒருவனால் கொல்லப்பட்டனர்.

முடிவுரை

தடைவிதிகள் அஞ்சியது அரசைக் கைப்பற்றும் திருச்சபையை. கெய்ன் முதல் பிங்க்னிவரை நிலம், வாக்கு, காவல்துறைப் பொறுப்பு என எழுப்பப்பட்ட கோரிக்கைகள் குடிமக்களின் உரிமைக் கோரிக்கைகள். திருச்சபைக்கென அவர்கள் அதிகாரம் கேட்டதாக இந்த வரலாறு காட்டவில்லை. அதே வேளையில், இம்மரபின் வலிமை ஒரு பற்றாக்குறையின் அளவும்கூட. பிங்க்னியின் இடத்துக்கு 2015 இடைத்தேர்தலில் வந்தவர் மார்ஜி பிரைட் மேத்யூஸ் என்ற கறுப்பின வழக்கறிஞர். ஒரு தேர்தலை வைத்துப் பொதுவிதி வகுக்க இயலாது. ஆனாலும் பிரசங்க பீடம் இன்று அச்சமூகத்தின் ஒரே நுழைவாயில் அன்று, பல வாயில்களுள் ஒன்று என்பதற்கு அது சான்று.