மல்பெரி இலை
மல்பெரி (முசுக்கொட்டை) இலை பட்டுப்புழுவின் உணவு. கிழக்காசியாவின் பழமையான மருந்தும்கூட. சீன மருத்துவத்தில், உறைபனி விழுந்தபின் பறித்து உலர்த்தும் வெண்மல்பெரி இலை 'சாங் யே' எனப்படும். காய்ச்சல், வறட்டு இருமல், கண் சிவப்பு ஆகியவற்றுக்கு இதைக் கஷாயமாகத் தருவர். ஜப்பானியத் துறவி எய்சாய், 1211இல் எழுதிய 'கிஸ்ஸா யோஜோகி' நூலில், தீராத் தாகம் தரும் நோய்க்கு (இது நீரிழிவு எனக் கருதப்படுகிறது) மல்பெரியைப் பரிந்துரைத்தார்.

இலையிலுள்ள 1-டிஆக்சிநோஜிரிமைசின் என்னும் சேர்மம், குடலில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் நொதியைத் தடுக்கிறது. இதனால் உணவுக்குப்பின் இரத்தச் சர்க்கரை மெதுவாக உயர்கிறது. இச்சேர்மத்தின் வழிவந்ததே மிக்லிட்டால் என்னும் நீரிழிவு மாத்திரை. நீரிழிவு மருந்து உண்போர் மல்பெரித் தேநீரையும் பருகினால் சர்க்கரை அளவு மிகத் தாழக்கூடும். மருத்துவரைக் கேட்டே பருக வேண்டும்.