சுழற்சியைச் சுமந்தோடும் தாரை

மாணவர்களே, குன்றாண்டார்கோவிலின் கல்தேரில் சக்கரங்கள் சுழல்வதில்லை. விண்மீன் கருக்கொள்ளும் வாயுமுகிலோ சுழன்றவாறே சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க வேகம் மிகும். அச்சுழற்சியை இழந்தாலன்றி விண்மீன் பிறவாது. கதிரவனும் அப்படியே. இழந்தது எங்கே போயிற்று?

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், காந்தப்புலம் சுழலும் பாய்மத்தை நிலைகுலைக்கும் என்று 1960இல் கணித்தார். (ருசிய அறிஞர் வெலிகோவ் ஓராண்டு முந்திக்கொண்டார்!) அக்குலைவினால், விண்மீனைச் சூழ்ந்த வாயுத்தட்டில் சுழற்சி வெளிநோக்கி நகரும் என்று 1991இல் பால்பஸும் ஹாலியும் காட்டினர். முப்பதாண்டு உறங்கிய கணக்கு அது!

தட்டிலிருந்து இருபுறமும் பீறிடும் வாயுத்தாரையும் சுழற்சியைச் சுமந்தோடும் என்றனர் வேறு சிலர். அவ்வாறாயின், தாரையும் சுழலவேண்டுமன்றோ? 2017இல் சின்-ஃபெய் லீ குழுவினர், சிலி நாட்டின் ஆல்மா வானலைநோக்கியால், ஓரியன் மண்டலத்து எச்.எச். 212 தாரையின் ஒரு விளிம்பு நம்மை நோக்கியும் மறு விளிம்பு அகன்றும் சுழல்வதை அளந்துவிட்டனர்.