இருள் வந்த காலங்களில் மட்டக்களப்பு வீடுகள்

மின்வெட்டுக்கும் அனர்த்தங்களுக்கும் நகர்ப்புற வீட்டை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது என்ற கேள்விக்கு இன்று கிடைக்கும் விடை பெரும்பாலும் கடையில் வாங்கக்கூடிய பொருட்களின் பட்டியலாகவே இருக்கிறது. மின்கலம், இன்வேட்டர், மின்பிறப்பாக்கி என அது நீள்கிறது. ஆனால் மட்டக்களப்பின் கடந்த அரை நூற்றாண்டு வரலாற்றில் வேறொரு விடையும் உண்டு. வாவிக்கரையிலுள்ள நகரமும், செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் உள்ளே செல்லும்போது வருகின்ற கரடியனாறு முதலான படுவான்கரைக் கிராமங்களும் இருளை எதிர்கொண்ட கதையில் அந்த விடை இருக்கிறது.

1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளியிலிருந்தே தொடங்கலாம். ஏறத்தாழ 900 பேர் உயிரிழந்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி ஓரிரவில் அழிந்தது. அப்போது நான் பள்ளிச் சிறுவன். மின்கம்பங்கள் வீதிக்குக் குறுக்கே கிடந்ததும், வெளிச்சம் திரும்ப நீண்ட நாட்கள் சென்றதும் நினைவிலுள்ளன. ஆயினும் மின்சாரம் இல்லையென்பதற்காக எந்த வீட்டிலும் சமையல் நிற்கவில்லை. அடுப்பு விறகில் எரிந்தது. தண்ணீர் வாளியும் கயிறும் கொண்டு கிணற்றிலிருந்து அள்ளப்பட்டது. மாரிக்கு முன்னரே விறகும் நெல்லும் கருவாடும் சேர்த்துவைப்பது எல்லா வீடுகளிலும் வழக்கம். அன்றைய வீட்டில் மின்சாரத்தின் வேலை பெரும்பாலும் விளக்கேற்றுவதோடு முடிந்தது. அந்த விளக்குக்கும் மாற்றாக அரிக்கன் லாம்பு முகட்டில் தொங்கியது. புயற்காற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே அந்தப் பெயரும் வந்தது.

லாம்பு வாங்க வசதியற்றவர்கள் போத்தல் விளக்கை நம்பினர். வெற்றுப் போத்தலில் மண்ணெண்ணெயும் திரியும் இட்ட அந்த விளக்கு சற்றுத் தட்டுப்பட்டாலும் கவிழ்ந்து தீப்பிடிக்கும். இலங்கையில் அதனால் எரிகாயமடைந்தோர் பலர். அவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1990களின் தொடக்கத்தில் பாதுகாப்பான போத்தல் விளக்கொன்றை வடிவமைத்தார். குட்டையான, தடித்த கண்ணாடி. உருண்டோடாதபடி தட்டையான பக்கங்கள். திருகி மூடும் உலோக மூடி. சாதாரண மாமைற் போத்தலின் வடிவமே அவருக்கு வழிகாட்டியது. 1998-இல் இதற்காக அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது.

போர்க்காலத்தில் இருளுக்கு வேறு பொருள் வந்தது. 2007 வரை கரடியனாறு உள்ளிட்ட படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. செங்கலடி கறுத்தப்பாலத்துச் சோதனைச்சாவடியைக் கடந்தே பொருட்கள் உள்ளே செல்ல வேண்டும். செய்தி சேகரிக்கச் சென்ற நாட்களில் அங்குள்ள வீடுகளில் நான் கண்ட பொதுவான பொருள் ஒன்று உண்டு: வாசலுக்கு அருகே தொங்கும் ஒரு பை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் ஆகியவை பொலித்தீனில் சுற்றப்பட்டு அதனுள் இருக்கும். ஓடவேண்டி வந்தால் முதலில் கைக்கு எட்டுவது அதுவே. 2007 மார்ச்சில் மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டியபோது, அந்தப் பைகளும் அவர்களோடு சென்றன.

2004 டிசம்பர் 26 சுனாமி, கிணற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்று கற்பித்தது. கரையோரக் கிணறுகள் உப்பேறின. அவற்றை மீண்டும் மீண்டும் இறைத்தும் உவர்ப்பு அகலவில்லை. மாரிமழையே மெல்ல மெல்ல அதைக் கழுவியது. அதிகமாக இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறும் என்பதையும் ஆய்வாளர்கள் அப்போது எடுத்துக்கூறினர்.

போர் முடிந்தபின் மின்கம்பிகள் படுவான்கரைக்குள்ளும் நீண்டன. நகரத்துக்கு உன்னிச்சைக் குளத்தின் நீர் குழாய்வழி வந்தது. வீடுகளில் மோட்டாரும் கூரைத்தொட்டியும் எரிவாயு அடுப்பும் இடம்பிடித்தன. வாளியும் கயிறும் மறைந்தன. பல கிணறுகள் மூடப்பட்டன. 2022 மார்ச் 31-இல் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு அமுலானபோது இதன் விளைவு தெரிந்தது. மின்சாரம் நின்றால் கூரைத்தொட்டிக்கு நீர் ஏறவில்லை; எரிவாயுவும் கிடைக்காததால் அடுப்பும் எரியவில்லை; கைத்தொலைபேசியும் அணைந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. ஆக, 1978-இல் விளக்கை மட்டும் அணைத்த மின்தடை, 2022-இல் வீட்டையே நிறுத்தியது.

அச்சத்தில் பலர் வீடுகளுக்குள் பெற்றோல் சேர்த்துவைத்தனர். அதனால் தீவிபத்துகள் நேர்ந்தன. ஆபத்தான பொருளை மனிதர் புழங்கும் இடத்தில் சேமிப்பதன் விலையைக் கரடியனாறு முன்னரே அறிந்திருந்தது. 2010 செப்டம்பர் 17 அன்று, வீதி நிர்மாணத்துக்கென அவ்வூர்ப் பொலிஸ் நிலைய வளவில் வைக்கப்பட்டிருந்த வெடிபொருட்கள் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

2025 பெப்ரவரி 9-இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மோதியதால் நாடு முழுவதும் இருண்டதாக அமைச்சர் கூறினார். அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து, நாடெங்கும் 600-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. கார்த்திகை மாதம் மட்டக்களப்பாருக்கு எப்போதும் எச்சரிக்கை மாதமே.

வெளிநாடுகளிலிருந்து ஊர் வீட்டுக்குச் சூரியமின்கலம் வாங்கப் பணம் அனுப்பும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். நல்ல காரியம், அனுப்புங்கள். அதற்கு முன் தொலைபேசியில் நான்கு கேள்விகள் கேளுங்கள். கிணற்றடியில் வாளியும் கயிறும் உண்டா? விறகடுப்பு ஒன்றாவது எரியக்கூடிய நிலையில் இருக்கிறதா? கவிழாத விளக்கு உண்டா? ஆவணப் பை எங்கே தொங்குகிறது? இவை நான்குக்கும் ஆகும் செலவு மிகச் சிறிது. படுவான்கரை மக்கள் இவற்றை வறுமையாலும் போராலும் கற்றனர். நகரத்து வீடுகள் கேட்டே கற்றுக்கொள்ளலாம்.