பெயர் திரிந்த குடிகள்

அமெரிக்கக் குடியரசுத் தலைவராக 1953 முதல் 1961 வரை விளங்கிய ஐசனோவர், 1944இல் செருமானியப் படையை எதிர்த்து நார்மண்டிக் கரையில் இறங்கிய நேசப்படைகளை நடத்தியவர். அவர்தம் முன்னோரோ செருமானியர். கார்ல்சுபுருன் என்னும் சிற்றூரினின்று புறப்பட்டு 1741இல் பிலடெல்பியாவில் கரையேறியவர். இத்தகைய குடிவழிகளை ஆராய்வோர் எவ்வாறு அறிகின்றனர் என்பதனை ஈண்டுக் காண்பாம்.

பென்சில்வேனியாவிற் குடியேற வந்த பதினாறு அகவை நிரம்பிய ஆடவர், பிரித்தானிய மன்னர்க்கு அடங்கி நடப்பதாக உறுதிமொழி கூறுதல் வேண்டும் என 1727இல் விதிக்கப்பட்டது. கப்பல் தலைவன் தந்த பட்டியும் உறுதிமொழிப் பட்டிகளும் வெவ்வேறாம். முன்னது ஆங்கிலச் செவி கேட்டவாறு எழுதியது. பின்னவற்றில் எழுத்தறிந்தோர் தம் கையாலேயே ஒப்பமிட்டனர். அறியாதார் பெயரை எழுத்தன் எழுத, அவர் கீறலிட்டனர். ஆகலின் ஒருவரே இருவர்போல் தோன்றுதலும் உண்டு. 1934இல் வெளிவந்த பதிப்பு இவ்வொப்பங்களின் உருவத்தையே அச்சிட்டுத் தந்தமை பெருநன்மை என்போம்.

ஐசனோவர் என்பதில் ஒலி பெரிதும் மாறவில்லை, எழுத்தே மாறிற்று. 'இரும்பு வெட்டுவோன்' என்னும் பொருள் ஆங்கில எழுத்தில் மறைந்தது. 1738இல் வந்த ஆந்திரேயாசு ஹூபரின் வழியினரோ ஹூவர் ஆயினர். இங்கு ஒலியே திரிந்தது. 1929இல் தலைவர் பதவியேற்ற ஹூவர் இவ்வழியினரே. பெயரொப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு பழங்குடிப் பெருமை தேடுவார் வழிதவறுதல் இதனாற் புலனாம். தம் தந்தை, பாட்டன் எனப் பின்னோக்கிப் படிப்படியே செல்வதே முறை.

கப்பற்பட்டி பிறந்த ஊரைப் பெரும்பாலும் கூறாது. ஊரைக் கூறுவன திருக்கோயிற் பதிவேடுகளே. பதினேழாம் நூற்றாண்டுப் போர்களில் அவற்றுட் பல எரிந்தொழிந்தன. எஞ்சியவற்றில் திருமுழுக்குப் பெற்ற மகவின் பெற்றோரோடு ஞானப்பெற்றோர் பெயரும் காணப்படும். அப்பெயர்களே பின்னர் அதே கப்பற்பட்டியிலும் வருமாயின், ஊர் இதுவெனத் துணியலாம். உறவினரும் அயலாரும் கூடியே புறப்பட்டனராதலின்.

உறுதிமொழி ஆடவர்க்கே உரியதாகலின், உடன்வந்த மகளிர் பெயர் அப்பட்டிகளில் இல்லை. எம்மை வருத்துவது இக்குறையே. அவரைக் காணவும் கோயிலேட்டையே நாடல் வேண்டும். ஆண்டும் ஓர் இடர்ப்பாடு உண்டு: குடிப்பெயரின் ஈற்றில் 'இன்' என்னும் பெண்பால் விகுதி சேர்த்தெழுதுதல் அக்கால வழக்கு. 'ஹூபரின்' எனக் கண்டு, அதனை வேறொரு குடியெனக் கொண்டு மகளைத் தந்தையினின்று பிரித்துவிடுதல் எளிது.